ரிப்பேர் ஆப்ஷன் காணோமா? மாற்றியமைத்த விண்டோஸ் டிஸ்க்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் சர்வீஸ் கடைகளுக்கு ஒரே மாதிரியான புகாரோடு கம்ப்யூட்டர்கள் வரும். மழையில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கும். யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அணைந்து, மறுபடி போட்டால் விண்டோஸ் ஏறாது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையைக் கடந்தபோதும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோதும் இந்தப் பக்கம் மின்சாரம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்த நிலையில் கடைக்காரர் கொடுத்த டிஸ்க்கையோ பென்டிரைவையோ போடுகிறோம். ஒரிஜினலில் இடது கீழ் மூலையில் இருக்கும் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்ற வரி அதில் இல்லை. உடனே யாராவது ஒருவர், "அது இல்லைன்னா ஃபார்மட் அடிச்சிடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையில் கடையின் டேலி கணக்கு, பிள்ளைகளின் போட்டோ, பத்திர நகல் எல்லாம் போய்விடும். ரிப்பேர் வரி தெரியவில்லை என்பதற்கும் விண்டோஸைச் சரிசெய்ய முடியாது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் குறை டிஸ்க்கில்தான் இருக்கிறது, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை.

ரிப்பேர் எங்கே குடியிருக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் கீழே வருவது எல்லாம் சுலபமாகப் புரியும். எக்ஸ்பியை விட்டுவிடுங்கள், அது தனிக் கதை. விஸ்டா முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை ரிப்பேர் கருவிகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன.

ஒன்று டிஸ்க்கில். சோர்சஸ் என்ற ஃபோல்டருக்குள் பூட் டாட் விம் என்று ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் இரண்டு இமேஜ்கள், அதாவது கோப்புத் தொகுப்புகள், உண்டு. இரண்டாவதுதான் செட்டப் ஓடும் சூழல். டிஸ்க்கிலிருந்து பூட் ஆனதும் அது நினைவகத்தில் எக்ஸ் டிரைவாக விரியும். அந்த எக்ஸ் டிரைவில் சோர்சஸ், அதற்குள் ரெகவரி, அதற்குள் ரெக்என்வ் என்ற நிரல். ரிப்பேர் வரியைக் கிளிக் செய்தால் ஓடுவது இதுதான்.

இன்னொன்று கம்ப்யூட்டரின் உள்ளேயே. விண்டோஸ் 7 முதல், வின்ஆர்இ டாட் விம் என்ற கோப்பு விண்டோஸ் நிறுவும்போதே கூட வந்து, சி டிரைவின் சிஸ்டம்32 ஃபோல்டரிலோ தனி ரெகவரி பார்ட்டிஷனிலோ (ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) உட்கார்ந்துகொள்ளும்.

எக்ஸ்பிக்கு என்லைட், விஸ்டாவுக்கு விலைட், அதற்குப் பின் வந்தவற்றுக்கு என்டிலைட் என்று விண்டோஸைக் குறைத்தும் கூட்டியும் டிஸ்க் தயாரிக்கும் கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதில் தப்பு ஒன்றும் இல்லை. டிரைவர்களை முன்கூட்டியே சேர்க்கலாம், கேள்விகளைக் குறைக்கலாம், நேரம் மிச்சம். ஆனால் அளவைக் குறைக்கிறேன் என்று டிக் அடித்துக்கொண்டே போகும்போது மேலே சொன்ன இரண்டில் ஒன்று வெட்டுப்பட்டுவிடுகிறது. அல்லது, வெட்டுப்படாமல் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் யாரோ தயாரித்த டிஸ்க் என்றால், பூட் செய்யும் முன் அடுத்த பகுதியில் சொன்னபடி அதன் உள்ளே பார்த்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து பூட் செய்து முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப் 10-ஐ அழுத்துங்கள். லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம். கறுப்புக் கட்டளைப் பெட்டி திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் அந்தச் சிறிய ஜன்னலே ஒரு ஃபைல் மேனேஜர் ஆகிவிடும். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவில் போய் பேஸ்ட்.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். வழக்கமான சி இங்கே டி என்றோ இ என்றோ வரலாம். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்து அடையாளம் காணுங்கள். அப்புறம், காப்பி ஓடும்போது முன்னேற்றம் காட்டும் பட்டை எதுவும் வராது, ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள். பென்டிரைவின் விளக்கு மின்னுவது நிற்கும்வரை பொறுங்கள்.

டிஸ்க் போட்டதும் கேள்வியே கேட்காமல் நிறுவப் போகிறது

எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது இதுதான். மொழி கேட்கவில்லை, 'இன்ஸ்டால் நவ்' திரையும் வரவில்லை, நேராகப் பார்ட்டிஷன் பட்டியலுக்கோ நகலெடுக்கும் கட்டத்துக்கோ போகிறது என்றால் டிஸ்க்கில் பதில் கோப்பு இருக்கிறது. ஆட்டோஅனட்டெண்ட் டாட் எக்ஸ்எம்எல் என்பது அதன் பெயர். செட்டப் அதைப் படித்து எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொள்வதால் ரிப்பேர் வரி இருக்கும் திரையையே தாண்டிப் போய்விடுகிறது. ரிப்பேர் அங்கேதான் இருக்கிறது, நாம் அதைப் பார்க்க வாய்ப்பில்லாமல் போகிறது.

ஆபத்து என்று சொன்னதற்குக் காரணம், சில பதில் கோப்புகளில் முதல் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் பார்ட்டிஷன் போடும் உத்தரவும் சேர்ந்தே இருக்கும். அப்படி ஒரு பென்டிரைவை ரிப்பேருக்கு என்று நினைத்துச் செருகினால் ஒரு கேள்வியும் இல்லாமல் எல்லாம் அழியும். ஆகவே யாரோ தயாரித்த டிஸ்க்கைப் பழுதான மெஷினில் போடும் முன், நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் செருகி உள்ளே பாருங்கள். முதல் நிலையிலேயே அந்தக் கோப்பு தெரிந்தால் நோட்பேடில் திறந்து 'வில்வைப்டிஸ்க்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அதன் பக்கத்தில் 'ட்ரூ' என்று இருந்தால் அது டிஸ்க்கைத் துடைக்கும் உத்தரவு.

வைத்தியம் எளிது. அந்தக் கோப்பின் பெயரை மாற்றுங்கள், அல்லது வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். மறுபடி பூட் செய்தால் மொழித் திரை, அடுத்து 'இன்ஸ்டால் நவ்', அதன் கீழே ரிப்பேர் வரி எல்லாம் ஒழுங்காக வரும். எழுதி முடித்த டிவிடியாக இருந்தால் பெயர் மாற்ற முடியாது. உள்ளடக்கத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து, கோப்பை நீக்கி, பூட் ஆகும் பென்டிரைவாகச் செய்துகொள்ளுங்கள். கோப்பை எடுத்த பிறகும் கேள்வி வரவில்லையா? மெஷினில் செருகியிருக்கும் மற்ற பென்டிரைவ்களைக் கழற்றுங்கள். செட்டப் அவற்றிலும் பதில் கோப்பைத் தேடும்.

'இன்ஸ்டால் நவ்' வருகிறது, ரிப்பேர் வரி மட்டும் இல்லை

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து டிஸ்க்கைத் திறந்து செட்டப்பை ஓட்டினால் இந்த வரி வராது. எவ்வளவு சுத்தமான ஒரிஜினலாக இருந்தாலும் வராது. டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால்தான் வரும்.

விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு என்றால் திரையே மாறிவிட்டது. மொழியும் கீபோர்டும் கேட்ட பிறகு, நிறுவுவதா, 'ரிப்பேர் மை பிசி'யா என்று இரண்டு வட்டங்கள் வரும். பழைய இடத்தில் தேடிப் பயனில்லை.

இவை இரண்டும் இல்லை என்றால் பூட் டாட் விம் வெட்டுப்பட்டிருக்கிறது. உறுதி செய்ய ஷிஃப்ட், எஃப் 10 அழுத்தி, எக்ஸ் டிரைவின் சோர்சஸ், ரெகவரி ஃபோல்டருக்குப் போய் ரெக்என்வ் நிரலை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அதிர்ஷ்டம்: வரியைத்தான் மறைத்திருக்கிறார்கள், கருவி இருக்கிறது, நீல ரிப்பேர் திரை அப்படியே வந்துவிடும். அந்த ஃபோல்டரே இல்லை என்றால் கருவியையே வெட்டியிருக்கிறார்கள். சிலர் பூட் டாட் விம் முழுவதையும் எடுத்துவிட்டு, வேறொரு பிஇ சூழலை (டிஸ்க்கிலிருந்தே ஓடும் சிறிய விண்டோஸ்) வைத்து அதில் தங்கள் சொந்த நிறுவும் நிரலைப் போட்டிருப்பார்கள். விம் கோப்புகளைக் கையாளும் டிஸம் கட்டளையில் பூட் டாட் விம்மின் விவரம் கேட்டால் வழக்கமான இரண்டு இமேஜ்களுக்குப் பதில் ஒன்றுதான் இருக்கும்.

இதற்கு மருந்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஒரிஜினல் ஐஎஸ்ஓவின் (முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக இருப்பது) பூட் டாட் விம் கோப்பை உங்கள் பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ளதற்குப் பதிலாக வைப்பது. அதே பதிப்பு, அதே 32 அல்லது 64 பிட்டாக இருக்க வேண்டும். பழையதைப் பெயர் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் அதற்குள் ஸ்டோரேஜ் டிரைவர் ஏதும் சேர்த்திருந்தால் புதியதில் அது இருக்காது.

ரிப்பேர் திறக்கிறது, ஆனால் விண்டோஸ் பட்டியலில் இல்லை

விண்டோஸ் 7 என்றால் முதலில் பிட்டைப் பாருங்கள். 32 பிட் டிஸ்க்கைக் கொண்டு 64 பிட் விண்டோஸைத் தொட்டால், இந்த ரெகவரிப் பதிப்பு பொருந்தாது என்று நேரடியாகவே சொல்லி மறுத்துவிடும்.

பட்டியல் முழுக்கக் காலியா? ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று பொருள். கட்டளைப் பெட்டியில் டிஸ்க்பார்ட் ஓட்டி, லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் தெரிந்துவிடும். பென்டிரைவ் மட்டும் தெரிந்தால் இரண்டு சாத்தியம். இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் ஸ்டோரேஜைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான ஆர்எஸ்டி டிரைவர் இல்லாமல் செட்டப்புக்கு எஸ்எஸ்டி தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவரை எடுத்து, விரித்து, பென்டிரைவில் வைத்து, டிஆர்விலோட் கட்டளையால் ஏற்றுங்கள். டிரைவர் ஏறிய நொடியில் டிஸ்க் தோன்றும்.

இரண்டாவது சாத்தியம் வன்பொருள். தேவனாம்பட்டினம், முதுநகர், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று கனெக்டர்களைத் தின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முனைகளில் மங்கலோ பச்சைக் களிம்போ தெரிந்தால் கேபிளை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடுவது வீண்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் 48 இலக்க எண் கேட்கிறது என்றால் அது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டிருக்கும் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

மெனு வருகிறது, சில கட்டங்கள் மட்டும் குறைகின்றன

'ரீசெட் திஸ் பிசி'யும் சேஃப் மோடுக்குப் போகும் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' கட்டமும் விண்டோஸ் 10 நிறுவும் டிஸ்க்கிலிருந்து போனால் ஒரிஜினலிலும் வராது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரெகவரியில்தான் அவை உண்டு. டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். சேஃப் மோட் அவசியம் என்றால் பிசிடிஎடிட் கட்டளையில், டிஃபால்ட் பதிவுக்கு சேஃப்பூட் மதிப்பை மினிமல் என்று வையுங்கள். வேலை முடிந்ததும் அந்த மதிப்பை நீக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே ஏறும்.

'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' கட்டம் இல்லாவிட்டால் அது ஒரு தடயம். கம்ப்யூட்டர் பூட் ஆகும் முறை இரண்டு: பழையது பயாஸ், புதியது யூஇஎஃப்ஐ. நீங்கள் பழைய பயாஸ் முறையில் பூட் செய்திருக்கிறீர்கள். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து ஸ்டார்ட்அப் ரிப்பேர் எத்தனை தடவை ஓட்டினாலும் தோல்விதான். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியும். யூஇஎஃப்ஐ என்று முன்னொட்டு உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லை என்றால், தயாரித்தவர் பென்டிரைவை பயாஸுக்கு மட்டும் செய்திருக்கிறார்.

டிஸ்க் இல்லாமல் முயன்றால் 'ரெகவரி சூழலைக் காணவில்லை' என்கிறது

'லைட்' என்ற பெயரில் குறைத்த விண்டோஸ் நிறுவிய மெஷின்களில் இது மிகச் சாதாரணம். வின்ஆர்இ டாட் விம் கோப்பை வெட்டிவிட்டுத்தான் நிறுவியிருப்பார்கள். விண்டோஸ் நன்றாக ஓடும்வரை தெரியாது, விழுந்த அன்றுதான் தெரியும். அதனால் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை சோதித்துவிடுவது நல்லது: அட்மின் உரிமையோடு கட்டளைப் பெட்டி திறந்து, ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் இன்ஃபோ என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். நிலை 'டிசேபிள்ட்' என்று வந்தால், அடுத்து ஸ்லாஷ் எனேபிள் கொடுத்துப் பாருங்கள். கோப்பு இருந்தால் அத்தோடு முடிந்தது.

இமேஜ் கிடைக்கவில்லை என்று சொன்னால் கோப்பை நாம்தான் கொண்டுவர வேண்டும். அதே பதிப்பின் ஒரிஜினல் ஐஎஸ்ஓவை எடுங்கள். மீடியா கிரியேஷன் டூல் செய்யும் பென்டிரைவில் இன்ஸ்டால் டாட் இஎஸ்டி வரும். நேரடியாக இறக்கும் ஐஎஸ்ஓவில் இன்ஸ்டால் டாட் விம் வரும். இந்த வேலைக்கு இரண்டாவதுதான் தோது. அதை செவன்-ஜிப்பில் திறந்து, 1 என்ற ஃபோல்டர், விண்டோஸ், சிஸ்டம்32, ரெகவரி என்று இறங்கினால் வின்ஆர்இ டாட் விம் இருக்கும். அதை வெளியே எடுத்து உங்கள் சி டிரைவில் அதே பாதையில் உள்ள ரெகவரி ஃபோல்டரில் வையுங்கள். பிறகு ரீஏஜென்ட்சியில் செட்ஆர்இஇமேஜ் மூலம் அந்தப் பாதையைக் காட்டி, எனேபிள் கொடுங்கள். மறுபடி இன்ஃபோ கேட்டால் 'எனேபிள்ட்' என்று வர வேண்டும்.

'கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு மங்கலாக இருக்கிறது

விண்டோஸ் ஏறுகிறது, ஆனால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. அப்போது மேலேயே மறுபடி நிறுவிச் சரிசெய்வது நல்ல வழி. இதை விண்டோஸுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும்; டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் இந்த வழி மூடியிருக்கும். உள்ளிருந்து தொடங்கியும் தேர்வு மங்கலாக இருந்தால் பதிப்பு, ஹோம் அல்லது ப்ரோ, பிட், மொழி ஆகியவற்றில் ஏதோ ஒன்று டிஸ்க்கோடு பொருந்தவில்லை.

நம் ஊரில் பெரும்பாலும் காலை வாருவது மொழிதான். அமெரிக்க ஆங்கிலமும் 'இங்கிலிஷ் இன்டர்நேஷனல்' என்பதும் விண்டோஸுக்கு வெவ்வேறு மொழிகள். புதுச்சேரியில் இன்னும் ஒரு படி மேலே. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. பாரிஸிலிருந்து அண்ணனோ அத்தையோ கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பில் பிரெஞ்சு விண்டோஸ் இருக்கும். டிஸ்ப்ளே மொழியை யாராவது ஆங்கிலமாக மாற்றியிருந்தாலும் அடியில் நிறுவிய மொழி பிரெஞ்சாகவே இருக்கும். கடையின் ஆங்கில டிஸ்க்கைப் போட்டால் தேர்வு மங்கிவிடும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், என்எல்எஸ், லாங்வேஜ் என்று போய் இன்ஸ்டால்லாங்வேஜ் மதிப்பைப் பாருங்கள். 0409 அமெரிக்க ஆங்கிலம், 0809 இன்டர்நேஷனல், 040சி பிரெஞ்சு. அதே மொழியின் ஐஎஸ்ஓவை இறக்குங்கள். பட்டியலில் பிரெஞ்சும் கனடியப் பிரெஞ்சும் தனித்தனியாக இருக்கும், மாற்றி எடுத்துவிட வேண்டாம்.

இந்த லேப்டாப்களில் கீபோர்டும் வேறு. டிஸ்க்கில் பூட் செய்து அமெரிக்க கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால், ஏ என்று அச்சிட்ட விசை கியூவைத் தரும், எம் இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி விழும். சரியாகத்தானே தட்டினேன், ஏன் கட்டளை ஓடவில்லை என்று குழம்ப வேண்டாம். முதல் திரையில் கீபோர்டைப் பிரெஞ்சுக்கு மாற்றுங்கள்.

எக்ஸ்பி டிஸ்க்கில் இரண்டாவது ஆர் வரவில்லை

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் எடைமேடை, பழைய ஆய்வுக் கருவி என்று அதை விட முடியாத இடங்கள் இருக்கின்றன. எக்ஸ்பி செட்டப்பில் ஆர் விசை இரண்டு முறை வரும். முதல் திரையில் வருவது ரெகவரி கன்சோல். அதைத் தாண்டி என்டர் கொடுத்து, எஃப் 8-ல் ஒப்பந்தத்தை ஏற்ற பிறகு, ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் காட்டி மறுபடி ஆர் கேட்கும். அதுதான் முழு ரிப்பேர்.

என்லைட் டிஸ்க்கில் இது வராவிட்டால் ஐ386 ஃபோல்டரில் வின்என்டி டாட் எஸ்ஐஎஃப் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பியின் பதில் கோப்பு அது. அதை எடுத்துவிட்டு ஐஎஸ்ஓவை மறுபடி உருவாக்கினால் கேள்விகளோடு ஆரும் திரும்பும். ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று செட்டப் சொன்னால் சாட்டா டிரைவர் டிஸ்க்கில் இல்லை. இரண்டும் சரியாக இருந்தும் வராவிட்டால் சிஸ்டம் ரெஜிஸ்ட்ரியே சிதைந்திருக்கலாம். கன்சோலில் நுழைந்து விண்டோஸ் ஃபோல்டரின் ரிப்பேர் உள்ஃபோல்டரில் இருக்கும் பழைய நகலைக் கொண்டு மீட்க முடியும்.

இரண்டாவது ஆர் வராமல் பார்ட்டிஷன் பட்டியல் வந்துவிட்டால் என்டரைத் தொடாதீர்கள். எஃப் 3 அழுத்தி வெளியே வாருங்கள்.

டிஸ்க் தயாரித்துக் கொடுப்பவர்களுக்கு

மஞ்சக்குப்பத்திலோ நேரு வீதிப் பக்கமோ நாலு பேருக்கு விண்டோஸ் போட்டுக் கொடுப்பவராக இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். எதை வெட்டினாலும் ரெகவரி சூழலை வெட்டாதீர்கள், பூட் டாட் விம்மில் டிரைவர் சேர்ப்பதோடு நிறுத்துங்கள். வெட்டுவதால் மிச்சமாகும் சில நூறு எம்பியை வாடிக்கையாளர் தன் கணக்கு வழக்கை இழந்து ஈடுகட்டுகிறார். பதில் கோப்பு வேண்டும் என்றால் அதைத் தனியாக ஒரு சின்னப் பென்டிரைவில் முதல் நிலையில் போட்டு வையுங்கள். விண்டோஸ் பென்டிரைவோடு அதையும் செருகினால் செட்டப் தானாகவே அதைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்காமல் நிறுவும். வாடிக்கையாளர் கையில் இருக்கும் பென்டிரைவை மட்டும் போட்டால் ரிப்பேர் வரி வழக்கம்போல வரும்.